வடிகாலின் மேல் கட்டிய மதில்

பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிற என் வயது அம்மாக்களுக்கு இதை எழுதுகிறேன். மழை எச்சரிக்கை வந்தால் நான் என்ன செய்வேன் என்று நம் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். வாளி, அண்டா, குக்கர் என்று கையில் அகப்படுகிற எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைப்பேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றுவேன். போன ஐப்பசியில் எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "மூணாவது மாடிக்குத் தண்ணி வந்துச்சுன்னா சென்னையே இருக்காதுங்க. நீங்க சர்டிபிகேட்ட எங்க கொண்டுபோய்க் காட்டுவீங்க?" நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உறையைப் பரணிலிருந்து இறக்கவில்லை.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அந்த வயதில் நான் ஒரு புயலையும் அதன் பின்னாலேயே வந்த வெள்ளத்தையும் பார்த்தேன். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பயத்தை மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறேன். அது சரியில்லை என்று இப்போது படுகிறது. அந்த மழைக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது அதிகம்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, திருவிடைமருதூரைத் தாண்டி, காவிரியிலிருந்து பிரியும் ஒரு கிளையாற்றின் கரையில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் சவூதியிலோ துபாயிலோ இருந்தார்கள். என் அத்தா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சவூதியில் கட்டட வேலைகளுக்கு மேற்பார்வையாளர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் அவரை நாங்கள் கேசட்டில்தான் கேட்டோம்.

ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். உறையைப் பிரித்தால் அத்தர், சோப்பு, ஆரஞ்சு பானத்தூள் எல்லாம் கலந்த வாசனை வரும். டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்காருவோம். முதலில் ஸலாம். பிறகு ஏ.சி. ஓடுகிற இரைச்சல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தா பேசத் தொடங்குவார். அம்மா மறுபக்கத்தில் பதில் பேசி, திரும்பிப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். போக ஒரு மாதம், வர ஒரு மாதம்.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அத்தாவிடம் கேட்காமல் அவள் எதையும் செய்ய மாட்டாள். எனக்கு ஒரு பால்பல் விழாமல் நின்று, அதன் பின்னால் இன்னொரு பல் முளைத்துவிட்டது. பிடுங்கலாமா என்று கேசட்டில் கேட்டாள். பதில் வருவதற்குள் கொய்யாக்காயைக் கடித்தபோது அதுவே விழுந்துவிட்டது. பிறகு கேசட் வந்தது. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, பயப்பட வேணாம்" என்றார் அத்தா. அவர் சொல்லிவிட்டாரே என்று அம்மா என்னைக் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போனாள். எந்தப் பல் என்று டாக்டர் கேட்க, விழுந்த இடத்தைக் காட்டினாள். இதைச் சொல்லி அம்மாவை இன்றும் கேலி செய்வோம். ஆனால் நான் என் கணவருக்கு ஒரு நாளில் எத்தனை முறை போன் செய்து "இதைச் செய்யவா, அதைச் செய்யவா" என்று கேட்கிறேன் என்பதை எண்ணிப் பார்த்தால் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை.

எங்கள் வீட்டுக்கு மதில் கட்டியது புயல் வந்த அதே வருடம் கோடையில். அத்தா தன் கைப்பட வரைந்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். வீட்டையும் கொல்லையையும் சுற்றி, ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடுகள். அவருடைய அண்ணன், எங்கள் பெரியத்தா, பக்கத்திலிருந்து கட்டி முடித்தார். மேலே கண்ணாடித் துண்டுகள் பதித்து, முன்னால் பச்சை நிறத்தில் கேட்டும் போட்டார்கள். ஈரச் சிமெண்டின் வாசனை எனக்குப் பிடிக்கும். நான் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி பார்ப்பேன்.

எங்கள் கொல்லையின் குறுக்கே ஒரு வடிகால் ஓடியது. மேற்கே வயல்களும், வயல் வேலை செய்கிறவர்களின் மேலத்தெருவும் இருந்தன. அங்கே மிஞ்சுகிற தண்ணீரெல்லாம் இந்த வடிகால் வழியாகக் கிழக்கே பெரிய வாய்க்காலுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் பாசன வாய்க்காலை ஒரு சாண் நகர்த்தினால் வெட்டுக்குத்தில் முடியும். அந்தத் தண்ணீர் வேண்டியது, எல்லோரும் காவல் காப்பார்கள். வடிகாலில் போவது வேண்டாத தண்ணீர். அதற்குக் காவல் கிடையாது. கோடையில் அது காட்டாமணக்கு மண்டிய வெறும் பள்ளம். அத்தாவின் கோடு அந்தப் பள்ளத்தை இரண்டு இடத்தில் வெட்டியது. பெரியத்தா உள்ளே ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்து, மேலே மண்ணைப் போட்டு மூடினார். அம்மா அந்த மண்ணில் ரோஜாச் செடிகள் வைத்தாள்.

மேலத்தெருவிலிருந்து நடவுக்குப் பெண்களைக் கூட்டிவருகிற அக்கா ஒருவர் இருந்தார். அந்தத் தெருவில் முதல் வீடு அவருடையது. எங்கள் மதிலை ஒட்டினாற்போல, பள்ளமான இடத்தில் இருந்த மண்சுவர் வீடு. கட்டும்போதே வந்து, "தண்ணிக்கு வழி விட்டுக் கட்டுங்க, ஒரு குழா காணாது" என்று சொன்னார். "வடிகாலுக்கு இது போதும்" என்று பெரியத்தா சொல்லிவிட்டார். அம்மா குடத்திலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

புயல் கார்த்திகையில் வந்தது. காலையிலிருந்தே காற்று. பெரிய அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிப்பது போன்ற சத்தம், நிற்காமல் மதியம் வரை. முதலில் முருங்கை மரம் போனது. பிறகு டி.வி. ஆண்டெனா வளைந்து மாடியில் தேய்த்துக்கொண்டே கிடந்தது. அம்மா தம்பியைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு ஆறு மாதம். காற்று அடங்கிக் கதவைத் திறந்தபோது ஊர் முழுக்கக் கிழிந்த இலையின் பச்சை வாசனை. தென்னைகள் கொண்டை திருகிய மாதிரி நின்றன. கடைத்தெருவில் டெலிபோன் கம்பம் சாய்ந்து, எஸ்.டி.டி. பூத் செத்துப்போனது.

மறுநாள் வெயில்கூட அடித்தது. முடிந்தது என்று எல்லோரும் ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். அதற்கடுத்த நாள் விடிந்தபோது மீண்டும் மழை. மேலே எங்கோ ஆற்றங்கரை உடைந்துவிட்டது என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். ஒரு மாதப் பயிராக நின்ற சம்பா வயல்கள் மேல் பழுப்புத் தண்ணீர் ஏறி வந்தது.

எங்கள் கொல்லையில் மட்டும் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர்தான். நான் காகிதக் கப்பல் விட்டேன். பெரியத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மதிலைத் தட்டிக் காட்டினார். "பாத்தியாம்மா, எப்படி நிக்குது? என் தம்பி போட்ட கோடு." அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். எனக்கும் அந்த மதிலைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் நடவுக்கார அக்கா கேட்டைத் தட்டினார். புடவை மார்பு வரை நனைந்திருந்தது. மேலத்தெருவில் விடியற்காலையிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, குழாயை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது, ஆட்கள் முங்கிப் பார்த்தும் கை நுழையவில்லை என்றார். அம்மா நம்பவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். நானும் பின்னால் போனேன்.

மாடியிலிருந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேற்கே, மேலண்டை மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மதிலின் பாதி உயரத்துக்குத் தளும்பியது. இந்தப் பக்கம் அம்மாவின் ரோஜாச் செடிகள் தலையாட்டிக்கொண்டிருந்தன. கிழக்கே, கீழண்டை மதிலுக்கு வெளியே பெரிய வாய்க்கால் இன்னும் ஒரு முழம் குறையாக ஓடியது. தண்ணீர் போக இடம் இருந்தது. நடுவில் நாங்கள்தான் இருந்தோம். மேலத்தெருக் கூரைகளில் ஆட்டுக்குட்டிகளையும் சாக்குகளையும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

அம்மா கீழே இறங்கி வந்து, எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டாள்.

"எல்லாம் மண்ணுச் செவுரும்மா. ஊறிப்போச்சு. மத்தியானத்துக்கு மேல ஒண்ணொண்ணா உக்காந்துடும்."

பெரியத்தா குறுக்கே வந்தார். வடிகிற தண்ணீர் தானாக வடியும் என்றார். தன் தம்பியின் வேர்வையில் கட்டியதை அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொடுவதா என்றார். நாளைக்கு லைன் கிடைக்கும், பேசிக்கொள்ளலாம் என்றார்.

அக்கா கோபப்படவில்லை. "நாளைக்குப் பேசுனா காம்பவுண்டு இருக்கும்ங்க. தெரு இருக்காது" என்றார்.

அம்மா உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்து, உடனே அணைத்தாள். உலர்ந்திருந்த தம்பியின் துணிகளை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு அது அரைமணி நேரம் போல இருந்தது. அம்மாவைக் கேட்டால் ஐந்து நிமிடம் என்பாள். பிறகு பீரோவைத் திறந்து டேப் ரெக்கார்டரை எடுத்து, பேட்டரி போட்டு, ஒரு கேசட்டை நுழைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான் பேசுறேன். கொல்ல மதில ரெண்டு பக்கமும் உடைக்கச் சொல்லப் போறேன். மேலத்தெரு தண்ணிக்குள்ள நிக்குது. நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்கன்னு நெனக்கிறேன். சொன்னாலும், இது உங்க கையில கெடைக்கிறப்ப உடைச்சு ஒரு மாசம் ஆயிருக்கும். கோவிச்சுக்கிறதா இருந்தா என்னைய மட்டும் கோவிச்சுக்கங்க."

பொத்தானை நிறுத்தினாள். தம்பி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போனாள். அந்நிய ஆண்கள் நிற்கிற இடத்துக்கு அம்மா அதுவரை போய் நான் பார்த்ததில்லை.

மேலத்தெரு ஆண்கள் நாலைந்து பேர் கடப்பாரைகளோடு கேட்டருகில் வந்து நின்றார்கள். மேலண்டை மதிலைப் பார்த்து நடந்தவர்களை அக்கா தடுத்தார். "முதல்ல கீழண்ட. வெளிய போக வழி பண்ணிட்டு அப்பறம் உள்ள வுடுங்க. மாத்தி உடைச்சா மொத்தத் தண்ணியும் இந்த வூட்டுக்குள்ள பூந்துடும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்க வூட்ட முக்கிட்டா அப்பறம் எங்கள யாரு நடவுக்குக் கூப்புடுவா?" என்றார். அந்த நிலையிலும் ஒருவர் சிரித்தார்.

கீழண்டை மதிலுக்குப் போனதும் யாரும் கடப்பாரையை ஓங்கவில்லை. ஒரு பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க மொத அடி போடுங்கம்மா. நாளைக்கு நாங்க உடைச்சோம்னு பேச்சு வந்துடக் கூடாது." அவர் பயந்ததில் நியாயம் இருந்தது என்று இப்போது புரிகிறது. ஊரில் எத்தனையோ பேச்சு அப்படித்தான் வந்திருக்கிறது. அம்மா கடப்பாரையை வாங்கினாள். அது அவள் உயரம் இருந்தது. ஒரு அடி போட்டாள். கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. இன்னொன்று போட்டாள்.

அதற்குப் பிறகு ஆண்கள் இடிக்கத் தொடங்கினார்கள். தூணை ஒட்டி இடித்தார்கள். அசையவில்லை. நான் பின்வாசலில் நின்று ஒரு கண் தூளியிலும் ஒரு கண் மதிலிலுமாக இருந்தேன். பெரியத்தா எங்கள் படிக்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேரம் போனது. மைக் இல்லாமல் வெறும் குரலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. கடைசியில் அவர் படியிறங்கிப் போனார்.

"அங்க அடிச்சா சாயந்தரம் ஆயிடும். குழாய்க்கு நேர் மேல அடிங்க. அங்க கம்பி போடல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

"அப்ப கம்பி தட்டுப்பாடா இருந்துச்சு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கைலியை மடித்துக் கட்டி, ஒருவர் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். கம்பி போடாமல் விட்டதற்காகப் பெரியத்தாவுக்கு ஊரே நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான்.

கீழண்டை மதில் பாதி திறந்திருந்தபோது மேற்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஈர மூட்டையை மேலேயிருந்து போட்டது போல, மெதுவான சத்தம். கடப்பாரைகள் நின்றன. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எங்க வூடுதான். உள்ள யாரும் இல்ல. நிறுத்தாதீங்க" என்றார்.

கீழண்டை முழுதாகத் திறந்தபின் மேலண்டைக்கு ஓடினார்கள். அது சீக்கிரம் விழுந்தது. தண்ணீர் உறுமிக்கொண்டு உள்ளே வந்து, ரோஜாச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு, எங்கள் இரண்டாவது படியைத் தொட்டு, மூன்றாவது படிக்கு ஏறாமல் கிழக்கே போனது. ஆகாயத்தாமரை குவியல் குவியலாகப் போனது. ஒரு முறம், ஒற்றைச் செருப்பு, நீலப்பூப் போட்ட ஒரு தகரப்பெட்டி, உயிரோடு ஒரு கோழி. கோழியைப் பெரியத்தா பிடித்துவிட்டார். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்குள் மேலத்தெருச் சுவர்களில் ஈரக்கோடு வெளியே தெரிந்தது. சில வீடுகளில் அடுப்படிச் சுவர் போனது. முழுதாக விழுந்தது அந்த முதல் வீடு மட்டும்.

அக்காவும் அவருடைய மகளும் பங்குனி மாதம் வரை எங்கள் முன்னறையில் இருந்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் அத்தா கொண்டுவந்த புலிப்படக் கம்பளியை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினோம். வெளியே அழுகிய பயிரின் நாற்றம், உள்ளே சேறு. "நடவுக்குச் சேறு வேணும்னு வாய்க்கால் வாய்க்காலா அலைவோம். இந்த வருஷம் அடுப்படியிலேயே நட்டுடலாம்" என்று அக்கா தேங்காய்மட்டையால் தரையைத் தேய்த்துக்கொண்டே சொல்வார். அம்மா சத்தம் போட்டுச் சிரித்ததை நான் முதன்முதலில் கேட்டது அந்த நாட்களில்தான். எனக்கு மறக்க முடியாத ஒரு தோழியும் கிடைத்தாள். இன்று அவள் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவர்.

அம்மாவின் கேசட் போய், அத்தாவின் பதில் வர தை பிறந்துவிட்டது. பெரியத்தாவும் வந்து உட்கார்ந்தார். அம்மா பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து நின்றுகொண்டாள். ஸலாம். ஏ.சி. இரைச்சல். அது நெடுநேரம் ஓடியது. பேசாமலே முடித்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அந்த வடிகால்ல நான் கெளுத்தி புடிச்சிருக்கேன்" என்றார் அத்தா. "படம் போடுறப்ப அது எனக்கு ஞாபகத்துல வரல. ரெண்டு எடத்துலயும் கட்ட வேணாம். அப்படியே கெடக்கட்டும். அந்தக்கா வூட்டச் செங்கல்லாக் கட்டச் சொல்லுங்க, நம்ம மேட்டுத் திடல்ல."

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் "அம்மா மதிலை உடைத்த கதை" என்றுதான் சொல்வோம். நானும் என் மகளுக்கு அப்படித்தான் சொன்னேன், போன மாதம், மழைக்காகப் பள்ளி விடுமுறை விட்ட ஒரு மதியத்தில். அவள் தரையில் சாக்கட்டியால் மதிலையும் வடிகாலையும் வரைந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மொதல்ல மேலண்ட மதில உடைச்சிருந்தா அந்த வீடு விழுந்திருக்காதுல்லம்மா?"

நான் படத்தைப் பார்த்தேன். உண்மைதான். மேலண்டையை முதலில் திறந்திருந்தால் தண்ணீர் எங்கள் கொல்லையிலும் வீட்டிலும் பரவியிருக்கும். மேலத்தெருவில் அந்த நிமிடமே இறங்கியிருக்கும். இத்தனை வருடம் ஒருமுறைகூட எனக்கு இது தோன்றவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை யோசிக்கிறவள் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அம்மா. "அவ வீடு விழுந்த சத்தம் கேட்டப்பவே வெளங்கிருச்சு. அப்பறம் ஒருநா, பாத்திரம் கழுவுறப்ப கேட்டேன். 'ஏங்க்கா, உன் வீடுதான் மொதல்ல விழும்னு தெரிஞ்சுமா கீழண்டைய உடைக்கச் சொன்னே'ன்னு."

"என்ன சொன்னாங்க?"

"கேட்டு வாசல்ல நின்னப்ப உள்ள தூளி ஆடுறது தெரிஞ்சுச்சாம். 'எங்க வூட்ல யாரும் இல்லம்மா, எல்லாரும் வெளிய வந்துட்டோம். உங்க வூட்ல கைப்புள்ள கெடந்துச்சுல்ல'ன்னா. சொல்லிட்டு, பாத்திரத்துக்குச் சாம்பல் இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்கன்னா. அவ்வளவுதான்."

அந்தக் கைப்பிள்ளைக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நாற்பதாம் நாளுக்கு நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போகிறோம். மேட்டுத் திடலில் இருக்கிற செங்கல் வீட்டுக்குக் குழந்தையை நாமே தூக்கிக்கொண்டு போய் அக்காவின் மடியில் வைப்போம் என்று தம்பியிடம் சொன்னேன். "ஏன் லாத்தா?" என்று கேட்டான். அவனுக்கும் தெரியாது. சொன்னேன். முழுதும் கேட்டான். பிறகு, "முன்னாடியே போயிருக்கணும்ல லாத்தா" என்றான்.